சன்னல் கண்ணாடிக்குக் கருமை வேண்டுமா?

சன்னலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களை எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடும். பழந்தமிழில் அதற்குக் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று நடந்து வரும் வழியே காலதர். பலகணி என்றும் அதனை அழைத்தனர். வீட்டுக்குப் பல கண்களாய் அமைந்தது என்பது அதன் பொருள். இன்று நாம் எல்லாரும் வழங்கும் சன்னல் என்னும் சொல்லோ, 16-ஆம் நூற்றாண்டில் நம் கரைகளுக்கு வந்த போர்ச்சுக்கீசியரின் 'ஜனேலா' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. மேசை, அலமாரி, சாவி, பாதிரி ஆகிய சொற்களோடு அதுவும் நம் இல்லங்களுக்குள் குடிபுகுந்துவிட்டது.

காற்றுக்கு வழி, வீட்டுக்குக் கண் என்று போற்றப்பட்ட இந்தச் சன்னலைப் பற்றி இன்று பல குடும்பங்களில் ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. கண்ணாடிகளுக்குக் கருநிற ஒட்டுத்தாள் ஒட்டிவிடலாமா? கடைக்காரர் இதனைச் சன் பிலிம் என்பார். கூலிங் பேப்பர் என்று கேட்போரும் உண்டு. வெயில் தணியும், தெருவில் போவோர் உள்ளே பார்க்க மாட்டார்கள், திரைச்சீலை வெளுக்காது, மின்கட்டணம் குறையும் என்று நன்மைகள் அடுக்கப்படுகின்றன. பக்கத்து வீட்டார் ஒட்டிவிட்டார்கள் என்பது மற்றொரு காரணமாகச் சேர்ந்துகொள்கிறது. ஒரே நாளில் முடிந்துவிடும் வேலை என்பதால், ஆழ்ந்து எண்ணாமலே பலர் முடிவெடுத்துவிடுகின்றனர்.

ஆனால் ஒட்டிய தாள் பல ஆண்டுகள் நிலைக்கும். அந்த ஆண்டுகளெல்லாம் அவ்வீட்டில் வாழ்வோர், குறிப்பாகப் பகல் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் முதியோரும் குடும்பத் தலைவியும், அந்த வெளிச்சத்தில்தான் வாழ வேண்டும். ஆதலின் இதனைச் சற்று நின்று ஆராய்வது நன்று.

வெயில் எந்தத் திசையிலிருந்து வருகிறது?

முதலில் நாம் அறிய வேண்டியது, வீட்டின் எல்லாச் சன்னல்களும் ஒன்றல்ல என்பதே. நம் தமிழகம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டுக்கு இருமுறை நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 ஆகிய நாள்களை ஒட்டியும், திருச்சியில் ஏப்ரல் 18, ஆகஸ்டு 25 ஆகிய நாள்களை ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் 25, ஆகஸ்டு 18 ஆகிய நாள்களை ஒட்டியும் இது நிகழ்கிறது. நட்டு வைத்த கோலுக்கு அப்போது நண்பகலில் நிழலே விழாது. உச்சிவெயில் எவ்வளவு கொடியதாயினும், அது கூரையின்மேல் விழுகிறதேயன்றிச் சன்னல் வழியே உள்ளே நுழைவதில்லை.

தெற்குச் சன்னலில் டிசம்பரில்தான் நண்பகல் வெயில் மிகத் தாழ்ந்து விழுகிறது. அப்போதும் திருச்சியில் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் நிற்கிறது. சன்னலின் மேல் விளிம்பில் 2 அடி நீட்டிய சன்ஷேடு ஒன்று இருந்தால், கண்ணாடியில் ஏறத்தாழ 3 அடிவரை நிழல் விழும். 4 அடி உயரச் சன்னலின் பெரும்பகுதி அதனாலேயே காக்கப்பட்டுவிடும். வடக்குச் சன்னலில் மே முதல் ஜூலை வரை சிறிது வெயில் சாயும். அதுவும் உயர்ந்த வெயிலே. கிழக்குச் சன்னலின் காலை வெயில் சுடும் என்றாலும், இரவெல்லாம் குளிர்ந்திருந்த வீடு அதனைத் தாங்கிக்கொள்கிறது.

உண்மையான வழக்கு மேற்குச் சன்னலோடுதான். அதே ஏப்ரல் மாதத்தில், அதே திருச்சியில், மாலை 4 மணிக்குச் சூரியன் 35 பாகை உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. 2 அடிச் சன்ஷேடு அப்போது 1 அடி 5 அங்குலத்துக்குமேல் நிழல் தருவதில்லை. 5 மணிக்கு 20 பாகை உயரம். நிழலோ 9 அங்குலமே. எஞ்சிய கண்ணாடி முழுவதும் வெயில் நேராக அடிக்கிறது. அவ்வேளையில் மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 600 வாட் வெப்பம் விழலாம். 5 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள ஒரு சன்னலின் வழியே ஏறக்குறைய 900 வாட் உள்ளே புகுகிறது என்று கொள்ளலாம். ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டியை அறை நடுவில் எரியவிட்டு வைப்பதற்கு ஒப்பானது இது. சினம் கொள்ள வேண்டியது இந்தச் சன்னலின்மீது மட்டுமே. 9 சன்னல் உள்ள வீட்டில் இத்தகையவை 2 அல்லது 3-க்குமேல் இரா.

குற்றவாளி சன்னல்தானா?

இரண்டாவதாக, வீட்டின் வெப்பம் அனைத்தும் சன்னல் வழியாக வருவதில்லை. மாடி இல்லாத வீட்டிலும், மாடி வீட்டின் மேல்தளத்திலும் முதல் குற்றவாளி கூரையே. காலை முதல் மாலை வரை அது வெயிலை வாங்குகிறது. நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின்மேல் ஏறத்தாழ 1000 வாட் வெப்பம் விழுகிறது. கான்கிரீட் தளம் அதனை உடனே உள்ளே விடுவதில்லை. மெல்ல உறிஞ்சிச் சில மணி நேரம் கழித்தே அறைக்குள் இறக்குகிறது. மேற்குச் செங்கற்சுவரும் அவ்வாறே, மாலையில் வாங்கியதை இரவில் திருப்பித் தருகிறது.

இதனைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. பிற்பகலில் கொதித்த அறை, கதிரவன் மறைந்து சன்னலைத் திறந்துவிட்டதும் விரைவில் ஆறுகிறதா? அப்படியாயின் குற்றம் சன்னலுடையது. மாறாக, இரவு 9 மணிக்கும் 10 மணிக்கும் அனல் கூடுகிறதா? படுக்கையில் மல்லாந்தால் மேலிருந்து வெப்பம் முகத்தில் இறங்குகிறதா? மேற்குச் சுவரைத் தொட்டால் கை சுடுகிறதா? அப்படியாயின் எத்துணை விலையுயர்ந்த தாளை ஒட்டினாலும் அந்த அனல் தணியாது. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதும், வெண்ணிற ஓடு பதிப்பதும், தளத்தின்மேல் பந்தலிடுவதுமே அதற்கு மருந்து. நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்றால் பணம் போவதோடு நோயும் நீங்காது.

ஒட்டுத்தாள் என்ன செய்கிறது?

கதிரவனிடமிருந்து நமக்கு வரும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானது கண் காணும் ஒளி. எஞ்சிய சுமார் 5 விழுக்காடு புற ஊதாக் கதிர்கள். சாதாரணத் தெளிந்த கண்ணாடி இவ்வாற்றலில் 80 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே புகுந்த கதிர் தரையையும் கட்டிலையும் சூடாக்குகிறது. சூடேறிய அப்பொருள்கள் வெளிவிடும் வெப்பக்கதிரையோ கண்ணாடி திரும்ப வெளியே விடுவதில்லை. மூடிய அறை வெந்துபோவதன் மருமம் இதுவே.

இக்கதிர்களைக் கண்ணாடியிலேயே தடுக்கும் நோக்கத்துடன் எழுந்ததுதான் சன் பிலிம். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1966-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. பாலியெஸ்டர் தாளின்மேல் அலுமினியத்தை ஆவியாக்கி மிக மெல்லியதாகப் படியவைத்து, வெயிலை எதிரொளிக்கச் செய்வதே தொடக்கக் கால முறை. இன்று கடைகளில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, சாயமேற்றிய தாள், விலை மலிவு. இது வெளிச்சத்தை விழுங்கிக்கொள்கிறதேயன்றி வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை. விழுங்கிய வெப்பத்தால் கண்ணாடியே சூடேறி, அதில் ஒரு பகுதி அறைக்குள் இறங்குகிறது. சில ஆண்டுகளில் சாயம் வெளுத்து ஊதா நிறமாவதும், குமிழி எழும்புவதும் இவ்வகையில் மிகுதி. இரண்டாவது, உலோகப் படலமுள்ள தாள். வெயிலை நன்கு எதிரொளிக்கும். ஆயினும் வெளியிலிருந்து பார்ப்போருக்கு ஆடிபோல் பளபளக்கும். கைப்பேசிச் சமிக்ஞையை இது சற்றுத் தளர்த்தவும் கூடும். மூன்றாவது, செராமிக் துகள் கலந்த தாள், விலை கூடுதல். கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும் இது, புலப்படாத வெப்பக்கதிரைப் பெரிதும் தடுத்துவிடுகிறது.

இங்கு ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. கறுத்தது குளிர்ச்சி என்பது பலரும் கொண்டுள்ள தவறான எண்ணம். வெப்பத்தில் பாதி கண்ணுக்குத் தெரியாத கதிர் ஆதலின், கண்ணுக்குத் தெரியும் கருமையை வைத்து அதனை அளக்க இயலாது. மை போன்ற மலிவுத்தாள் வெளிச்சத்தைக் கொன்றுவிட்டு வெப்பத்தை உள்ளே விடலாம். ஏறக்குறையத் தெளிந்திருக்கும் நல்ல தாள் வெளிச்சத்தை விட்டு வெப்பத்தை நிறுத்தலாம். கடைக்காரரிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று எண்கள். ஒளியில் எத்தனை விழுக்காடு உள்ளே வரும்? சூரிய ஆற்றல் மொத்தத்தில் எத்தனை விழுக்காட்டைத் தடுக்கும்? புற ஊதாக் கதிரில் எவ்வளவைத் தடுக்கும்? நல்ல தாள்கள் புற ஊதாக் கதிரில் 99 விழுக்காட்டைத் தடுப்பவை. இம்மூன்றும் அச்சிட்ட விவரத்தாளில் இல்லையேல், அந்தத் தாளை வாங்காதிருப்பதே நன்று.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் எரிசக்தி நெறிமுறை, சன்னல்களின் பரப்பு வெளிச்சுவர்ப் பரப்பில் 30 விழுக்காட்டுக்கு உட்பட்டிருக்கும் வீடுகளில், கண்ணாடி குறைந்தது 27 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பதும் அதன் விதி. பெரிய மனைகளில் எழும் புதிய குடியிருப்புகளை நோக்கியே அது எழுதப்பட்டது என்றாலும், அதன் அளவுகளை நம் சிறு வீட்டுக்கும் வழிகாட்டியாகக் கொள்வதில் தடையில்லை. 5 விழுக்காடு, 10 விழுக்காடு ஒளியே விடும் கரிய தாள்கள் வீட்டுக்குரியவை அல்ல என்பது இதனால் தெளிவாகும்.

வாகனங்களின் கண்ணாடிகளில் கறுப்புத்தாள் ஒட்டுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2012-இல் அளித்த தீர்ப்பை நினைத்து, வீட்டுச் சன்னலுக்கும் சட்டத் தடை உண்டோ என ஐயுறுவோர் உளர். அத்தீர்ப்பு மோட்டார் வாகன விதிகளைச் சார்ந்தது, வீடுகளைப் பற்றியதன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் மட்டும் தங்கள் சங்கத்தின் விதிகளையும், வாடகை வீட்டில் வாழ்வோர் வீட்டுக்காரரின் இசைவையும் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

திறந்த சன்னலுக்குத் தாள் எதற்கு?

இன்னுமோர் எளிய உண்மை உண்டு. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலானவற்றில் சன்னல் கதவுகள் பகல் முழுவதும் திறந்தே கிடக்கின்றன. அவ்வாறே இருக்கவும் வேண்டும். கடற்கரை ஊர்களில் பிற்பகல் கடற்காற்றும், நெல்லை, குமரிப் பகுதிகளில் ஆனி ஆடிக் காற்றும் சன்னலுக்கு உள்ளே வந்தால்தான் வியர்வை அடங்கும். வெளிப்புறமாகத் திறந்து மடக்கிவைத்த கதவின் கண்ணாடியில் எத்தனை உயர்ந்த தாளை ஒட்டினாலும், வெயில் திறந்த வழியாகவே உள்ளே வரும். இழுத்துத் தள்ளும் சன்னலிலும் பாதி திறந்தே இருக்கும். ஆகவே, எப்போதும் மூடியிருக்கும் நிலைக்கண்ணாடிக்கும், ஏ.சி. போட்டு மூடிவைக்கும் அறைக்கும் மட்டுமே தாள் முழுப் பயன் தரும். தாள் ஒட்டியாயிற்று என்பதற்காகத் திறந்திருந்த சன்னலை மூடிவைக்கத் தொடங்கினால், காலதர் என்ற பெயர் பொய்த்துப்போகும்.

வெயிலைக் கண்ணாடியில் தடுப்பதைவிட, கண்ணாடிக்கு வெளியே தடுப்பதே மேல். உள்ளே தொங்கும் திரை, வெயில் வீட்டுக்குள் வந்த பின்னரே அதனை எதிர்கொள்கிறது. வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ, வாசலிலேயே அதனை நிறுத்திவிடுகிறது. பாண்டிச்சேரியின் பழைய வீடுகளில் காணும் மரச்சட்டக் கதவுகள் காற்றை விட்டு வெயிலை மறிப்பவை. நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி காற்றையும் குளிர்வித்து மணமும் சேர்க்கும். மேற்கே நாலடி இடமிருப்பின் ஒரு பந்தலில் கொடி படரவிடலாம். இடம் கூடுதலாயின் வேம்போ புங்கமோ நடலாம். மரம் வளரச் சில ஆண்டுகள் ஆகும் என்பது உண்மை. ஆயினும் தாள் ஆண்டுதோறும் நலிய, மரம் ஆண்டுதோறும் தழைக்கும்.

பகலில் மறைப்பு, இரவில்?

வெயிலுக்காக அன்றி மறைப்புக்காகவே தாள் ஒட்ட விரும்புவோர் பலர். தெருவை ஒட்டிய வீடுகளில், பெண்மக்கள் உள்ள இல்லங்களில், இவ்விருப்பம் நியாயமானதே. ஆனால் எதிரொளிக்கும் தாளின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். வெளிச்சம் மிகுந்த பக்கத்தில் நிற்பவருக்கு அது ஆடி. வெளிச்சம் குறைந்த பக்கத்தில் நிற்பவருக்கு அது சன்னல். பகலில் வெளிச்சம் வெளியே மிகுதி. ஆதலின் தெருவில் போவோர் தம் முகத்தையே காண்பர். மாலையில் விளக்கேற்றியதும் நிலைமை தலைகீழாகிறது. உள்ளே இருப்போர் தம் நிழலுருவைக் கண்ணாடியில் கண்டு, மறைப்பு இருக்கிறது என்று நம்பியிருக்க, வெளியே இருப்போர் அறை முழுவதையும் காண்பர். எனவே தாள் ஒட்டினாலும் இரவுக்குத் திரைச்சீலை வேண்டியதே.

மறைப்பு மட்டுமே நோக்கமாயின், பனிபடர்ந்தாற்போல் மங்கிய வெண்தாளைச் சன்னலின் கீழ்ப்பாதியில் மட்டும் ஒட்டலாம். நம் பாட்டிமார் காலத்து அரைத்திரையின் புதிய வடிவம் அது. இரவிலும் உருவங்களைக் கலங்கலாக்கிக் காக்கும்; மேற்பாதி வழியே வானமும் வெளிச்சமும் வரும்.

முதியோரின் கண்கள்

இனி, எண்களைவிட நம் நெஞ்சைத் தொட வேண்டிய செய்திக்கு வருவோம். வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது. வில்லை மஞ்சளித்து மங்குகிறது. 20 வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கே 60 வயதினரின் விழித்திரையை எட்டுகிறது என்பது கண்ணியல் கண்ட உண்மை. நமக்கு இதமான வெளிச்சம் பாட்டிக்கு அந்தி மயக்கம். பிலிம் ஒட்டிய அறையில் நாம் 'குளுமை' என்று மகிழும் அதே வேளையில், அவர் ஊசியில் நூல் கோக்கவும், மாத்திரையின் நிறம் பிரித்தறியவும், வாசற்படியின் விளிம்பைக் காணவும் இடர்ப்படலாம். தடுக்கி விழும் முதியோருக்கு ஏற்படும் இடுப்பெலும்பு முறிவின் துன்பத்தை அறியாத குடும்பம் இல்லை.

பகலிலும் விளக்கைப் போட்டுக்கொள்ளலாமே என்பார் சிலர். இக்கால எல்.இ.டி. விளக்குக்கு ஆகும் மின்செலவு அற்பமே. ஆனால் முதியோர் பலர் பகலில் விளக்கெரிக்கக் கூசுவர். மின்சாரத்தை வீணாக்கலாகாது என்று இருட்டிலேயே அமர்ந்திருப்பர். நட்டம் மின்கட்டணத்தில் அன்று, அவர்தம் கண்ணிலும் மனத்திலும் விழுகிறது.

மறுபுறமும் உண்டு. கண்புரை உள்ளோருக்குக் கூசும் வெயில் வேதனை தரும். அவர்கள் சற்று மங்கலையே விரும்பலாம். லூபஸ் போன்ற நோயுடையோர்க்கும், ஒளியால் தோல் தடிக்கும் இயல்புடைய மருந்துகளை உண்போர்க்கும், கண்ணாடியைக் கடந்து வரும் புற ஊதா-ஏ கதிர்கள் தீங்கு விளைவிக்கக்கூடும். அத்தகையோர் இருக்கும் இல்லத்தில், ஒளியை விட்டுப் புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும் தெளிந்த தாள் மருந்துக்கு நிகரானது. மருத்துவரைக் கலந்து செய்தல் நலம். சன்னலோரம் அமர்ந்தால் வைட்டமின்-டி கிடைக்கும் என்ற எண்ணத்தில் தாளுக்கு அஞ்சுவோர்க்கும் ஒரு சொல்: வைட்டமின்-டி உண்டாக்கும் புற ஊதா-பி கதிரைச் சாதாரணக் கண்ணாடியே ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. மூடிய சன்னலுக்குப் பின் அமர்ந்து அதனைப் பெறுதல் இயலாது; முற்றத்திலோ மாடியிலோ நேர்வெயிலில் சற்று நடந்தே பெற வேண்டும்.

சன்னலின் வெளிப்புறமும் நம் பொறுப்பே

நம் சன்னல் நமக்கு மட்டும் உரியதன்று. பளபளக்கும் தாள் திருப்பியனுப்பும் வெயில் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? குறுகிய தெருவில் அது எதிர்வீட்டுத் திண்ணையிலோ, அங்குப் படிக்கும் பிள்ளையின் கண்ணிலோ விழலாம். நம் அனலைப் பிறர் வீட்டுக்கு அனுப்பி நாம் குளிர்வது அண்டை அயலாருக்கு ஏற்ற நெறியன்று. ஆடி போன்ற கண்ணாடியில் தம் உருவைக் கண்ட தேன்சிட்டுகள் மாற்றான் என்று மயங்கி நாள்கணக்கில் கொத்திக் களைப்பதும், வானமென்று எண்ணிப் பறவைகள் மோதி விழுவதும் கண்கூடு.

இன்னும் ஒன்று. தனித்திருக்கும் முதியவரைத் தெரு காக்கிறது. பால்காரர் சன்னலில் அவர் முகத்தைக் காண்கிறார். பள்ளிப் பிள்ளைகள் கையசைத்துப் போகின்றனர். ஒருநாள் முகம் தெரியாவிடில், 'அம்மாவுக்கு என்னாயிற்று?' என்று பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுகின்றனர். சன்னல் முழுவதும் கறுத்துவிட்டால் இந்தக் காவல் ஓசையின்றி நீங்கிவிடும்.

ஓர் இல்லத்தை நினைத்துப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக, திருச்சியில் மேற்குத் தெருவை நோக்கிய ஒரு மாடியில்லா வீட்டை மனக்கண்முன் நிறுத்துவோம். கணவன், மனைவி, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், 78 வயதுப் பாட்டி. சன்னல்கள் 9. எல்லாவற்றுக்கும் கறுப்புத்தாள் ஒட்டிவிடுவோம் என்கிறார் கணவர். மனைவிக்குத் தெருவோரின் பார்வை மறைந்தால் போதும். மகளுக்குப் படிப்பு மேசையில் விழும் வெயில் கண் கூசுகிறது. பாட்டியைக் கேட்டால், 'எனக்கென்னப்பா, உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்கள்' என்கிறார்.

பெரியவர்களின் இந்த 'எனக்கென்ன' என்னும் சொல்லை நாம் இசைவு என்று எடுத்துக்கொள்ளலாகாது. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடலாகாது என்ற அச்சமே பலவேளை அவ்வாறு பேசுகிறது. பேத்தி கடையிலிருந்து ஒரு மாதிரித் துண்டை வாங்கிவந்து, பாட்டி அமரும் சன்னலில் ஒட்டி, நாளிதழைக் கையில் கொடுக்கிறாள். 'எழுத்தெல்லாம் கலங்குதம்மா' என்னும் சொல் அப்போதுதான் வெளிவருகிறது. ஒப்புதல் கேட்பது வேறு. உணர்ந்து அறிவது வேறு.

குடும்பம் கூடிப் பேசுகிறது. வடக்கு, கிழக்கு, தெற்குச் சன்னல்கள் 6-க்கும் ஒன்றும் வேண்டாம். ஏ.சி. உள்ள படுக்கையறையின் மேற்குச் சன்னலுக்குப் பாதி ஒளியை விடும் நல்ல தாள். கூடத்துச் சன்னல் இரண்டில் ஒன்றுக்குக் கீழ்ப்பாதி மங்கிய தாள். பாட்டியின் சன்னல் தெளிவாகவே இருக்கட்டும். பிற்பகல் 3 மணிக்கு வெளியே மூங்கில் தட்டியை இறக்கி, 6 மணிக்குச் சுருட்டிவிடலாம். மகளின் மேசையை, வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருமாறு திருப்பினால் போதும். மிச்சமான பணத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்கலாம். ஒவ்வொருவர் குறையும் தீர்ந்தது. ஒருவர் குளிர்ச்சிக்காக மற்றவர் இருளவில்லை.

ஒட்டுவதென்று முடிவு செய்தால்

முதலில் சோதனை. மூன்று நாள் சன்னலுக்கு வெளியே வெள்ளைத்துணி கட்டி, அதே நேரத்தில் அறையின் வெப்பத்தை அளந்து பாருங்கள். துணியே வெப்பத்தைக் குறைக்கவில்லை என்றால் தாளும் குறைக்காது. அடுத்து, தேர்ந்த தாளின் துண்டு ஒன்றை ஒரு கண்ணாடியில் ஒட்டி, மழை மேகம் கவிந்த நாள் உட்பட ஒரு வாரம் அதனோடு வாழ்ந்து பாருங்கள்.

கண்ணாடியின் வகையையும் அறிதல் வேண்டும். வெப்பத்தை விழுங்கும் தாள், பாதி நிழலும் பாதி வெயிலும் படும் கண்ணாடியைச் சீரற்றுச் சூடாக்கி விரிசல் விழச் செய்யலாம். ஏற்கெனவே நிறமூட்டிய கண்ணாடிக்கும், கம்பிவலை பதித்த கண்ணாடிக்கும், விளிம்பில் சிதைவுள்ள பழைய கண்ணாடிக்கும் இந்த ஆபத்து மிகுதி. மேடுபள்ளமான பூவேலைக் கண்ணாடியின் அப்பக்கத்தில் தாள் பிடிக்காது. நல்ல தாளுக்கு ஒரு துணைப் பயனும் உண்டு: கண்ணாடி உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் பற்றிக்கொள்ளும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இஃது எண்ணத்தக்கது.

சோப்பு நீர் தெளித்து ஒட்டிய தாள் முற்றும் காய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதுவரை தேய்த்துக் கழுவுதல் கூடாது. பின்னரும் மென்துணியும் இளஞ்சோப்பு நீருமே போதும். அம்மோனியா கலந்த திரவங்கள் தாளைக் கெடுக்கும். உத்தரவாதச் சீட்டையும் விவரத்தாளையும் வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பர்களே, சன்னலைக் கறுப்பாக்குவது பாவமுமன்று, புண்ணியமுமன்று. தேவையான கண்ணாடிக்குத் தேவையான தாளை ஒட்டுவது அறிவுடைமையே. ஆயினும், வீட்டில் யார் எந்தச் சன்னலோரம் எத்தனை மணி நேரம் அமர்கிறார் என்பதை அறியாமல் கடைக்காரருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் குடும்பமாக வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சன்னலின் முன்னும் நின்று, வெயில் எவ்வளவு, காற்று எவ்வளவு, அங்கு அமர்பவர் யார் என்று கேளுங்கள். அளவுநாடாவைக் கையில் எடுப்பது அதன் பிறகு ஆகட்டும்.